ஊமத்தை: சிவன் தலையும் நஞ்சுப் பதிவேடும்

அந்தி சாய்ந்தபின் விரிகிற பூ ஊமத்தை. யாரும் நட்டு வளர்ப்பதில்லை. குப்பைமேடு, ஏரிக்கரை, சுடுகாட்டு ஓரம், இடிந்த சுவர் என்று ஊர் கைவிட்ட இடங்களில் தானே முளைக்கும். அதன் வெள்ளைக் குழலைத் தேடி வருபவை இரவின் அந்துப்பூச்சிகள். பெண்கள் தலையில் வைப்பதில்லை; சிவனுக்கு ஆகும். பிள்ளையார் சதுர்த்தியன்று இருபத்தோரு பத்திரங்களில் ஒன்றாக அதன் இலையும் உள்ளே போகும். வீட்டுக்கு ஆகாதது கோயிலுக்கு எப்படி ஆயிற்று?

காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையில் செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். வினை நீங்க அப்பதிகத்தை ஓதுகிறவர்களும், உடம்புநோய் தீரவேண்டி அங்கே வருகிறவர்களும் உண்டு. தேவாரம் திரும்பத் திரும்பக் காட்டும் சிவன் மத்தம் சூடியவன். 'மத்தம்' என்ற சொல்லுக்குள் பூவும் இருக்கிறது, பித்தும் இருக்கிறது. சுந்தரர் அவனைப் பித்தன் என்றே விளித்தார். ஊருக்கு வெளியே கிடந்த நஞ்சையும் சுடுகாட்டையும் பக்தி இயக்கம் கடவுளின் அடையாளங்களாக ஏற்றுக்கொண்டது. விளிம்பு மையத்துக்கு வந்துவிட்டதாக உடனே கொண்டாடிவிட முடியாது. சுடுகாட்டுப் பூ கருவறைக்குள் போயிற்று. சுடுகாட்டில் வேலை செய்தவன் உள்ளே போக 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது.

கோயிலுக்கு வெளியே இந்தச் செடிக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. இலையை நல்லெண்ணெயில் வதக்கி வீக்கத்தின்மேல் கட்டுவாங்க. இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் சித்த வைத்தியத்தில் ஆறாத புண்ணுக்கு மேல்பூச்சு. இழுப்புக்கு இலைப்புகை. கூடவே ஓர் எச்சரிக்கையும்: செடியைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதே. பாவை விரிந்து பார்வை மங்கிப்போகும். அட்ரோபின், ஸ்கோபோலமின் என்று வேதியியல் பிறகு பெயர் வைத்தவற்றின் வேலையை இந்தக் கைகள் அனுபவத்தால் அறிந்திருந்தன.

காஞ்சிபுரம் வட்டாரம் 1763இல் ஆற்காட்டு நவாபால் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுக்கப்பட்டது. நிலத்தை அளந்தவர்கள் செடிகளையும் கணக்கெடுத்தார்கள். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சாயப்பூச்சி வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டவரும் இவர்தான். ஊமத்தைப் புகையால் இழுப்பு அடங்குவதை அவரிடமிருந்து அறிந்த ஜெனரல் ஜென்ட், 1802இல் அச்செய்தியை எடின்பரோவின் டாக்டர் சிம்ஸிடம் கொண்டு சேர்த்தார். அதன்பின் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஆஸ்துமா சிகரெட் விற்றது. 1970களில், அட்ரோபினிலிருந்து உருவாக்கிய இப்ராட்ரோப்பியம் இன்ஹேலரில் ஏறியது. மருத்துவ வரலாற்றில் ஆண்டர்சன், ஜென்ட், சிம்ஸ் மூவருக்கும் பெயர் உண்டு. ஆண்டர்சனுக்கு முன்னால் அந்தப் புகையைப் பிடித்துக் காட்டியவருக்கு? 1813இல் சென்னையில் வெளியான ஒயிட்லா ஏன்ஸ்லியின் மருந்துப்பொருள் நூல் தமிழ்ப் பெயர்களைக் கவனமாகத் தருகிறது. செடிக்குப் பெயர் இருக்கிறது, சொன்னவருக்கு இல்லை.

பெயரில்லாத அந்த ஆள் இன்னொரு பிரதியில் வந்து நிற்கிறான், குற்றவாளியாக. நார்மன் செவர்ஸ் 1856இல் வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்குமாக எழுதிய சட்டமருத்துவக் கையேடு, ஊமத்தை விதையைச் சோற்றில் கலந்து வழிப்போக்கரைக் கொள்ளையடிப்பவர்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அப்படிப்பட்ட கொள்ளைகள் நடக்கவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரே அறிவு வெள்ளை மருத்துவரின் கையில் 'சிகிச்சை' ஆவதும் உள்ளூர்க்காரனின் கையில் 'நஞ்சூட்டும் பழக்கம்' ஆவதும் செடியின் குணத்தால் நடப்பதல்ல. எழுதுகிறவனுடைய அதிகாரம் செய்கிற வேலை அது.

இதற்கு மறுப்பாக 'எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும்' என்று கிளம்புவதும் ஆபத்து. ஊமத்தை இன்றும் ஆளைக் கொல்லும். மருந்துக்கும் மரணத்துக்கும் இடையில் இருப்பது அளவு, அதுவும் செடிக்குச் செடி, விதைக்கு விதை மாறுகிற அளவு. மூலிகைப் பெருமை பேசுகிறவர்கள் செடியின் பெயரைச் சொல்கிறார்கள்; அளவையும் எச்சரிக்கையையும் விட்டுவிடுகிறார்கள். கம்பெனி ஆளை விட்டுவிட்டுச் செடியை எடுத்துக்கொண்டது. நாமும் இன்று அதையேதான் செய்துகொண்டிருக்கிறோமா?