எல்.கே.ஜி.யோடு முடிந்துவிடுவதில்லை பள்ளித் தேர்வு: புளியந்தோப்புப் பெற்றோர் அறிய வேண்டியவை

ஏப்ரல், மே மாதங்களில் ஜும்ஆ முடிந்ததும் இமாம்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம் ஹஜ்ரத்?" என்பதுதான். பெரும்பாலும் எல்.கே.ஜி. சேர்க்கையை மனத்தில் வைத்தே இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இன்றுள்ள சட்டங்களையும் திட்டங்களையும் பார்த்தால், ஒரு பிள்ளையின் பள்ளியை நாம் மூன்று கட்டங்களில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது: முதல் சேர்க்கை, ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. நாம் அதிகம் யோசிப்பது முதல் கட்டத்தைப் பற்றி. அதிகம் இழப்பது மற்ற இரண்டில்.

புளியந்தோப்பின் நிலை

ஒரு காலத்தில் இந்தப் பகுதியின் வாழ்க்கை பி அண்ட் சி மில்லைச் சுற்றி இருந்தது. தொழிலாளர் பிள்ளைகளுக்காக அந்த மில் நிர்வாகமே பள்ளியும் நடத்தியது. 1996இல் மில் மூடப்பட்ட பிறகு மாதச் சம்பளம் என்பது பல குடும்பங்களுக்கு இல்லாமல் போனது. இன்று ஆட்டுத்தொட்டியை ஒட்டிய இறைச்சித் தொழில், பெரியமேட்டுத் தோல் வியாபாரம், ஆட்டோ, மெக்கானிக் பட்டறை, சுமை வேலை என்று அன்றாட வருமானத்தில்தான் இங்கே பெரும்பாலான வீடுகள் ஓடுகின்றன. வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பள்ளிக் கட்டணம் மாறுவதில்லை. அதனால்தான் இங்குள்ள பெற்றோர் முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்குப் போட வேண்டும்.

முதல் கட்டம்: சேர்க்கை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் 25 சதவீத இடங்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் நலிவடைந்த பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம்.

இதில் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் வேறொரு அமர்வு இதை மறுபரிசீலனைக்குப் பரிந்துரைத்திருந்தாலும், முஸ்லிம் நிர்வாகப் பள்ளியில் இந்த இலவச இடத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். இரண்டு, இந்தச் சலுகை எட்டாம் வகுப்புடன் முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்பார்கள்.

சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல், தேர்வு வைப்பதும், நன்கொடை வாங்குவதும் 13ஆம் பிரிவின்படி குற்றம். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப 14ஆம் பிரிவு இடம் தரவில்லை.

மாநகராட்சிப் பள்ளியானால், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளுக்கு 2022 முதல் காலை உணவும் உண்டு. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்மாருக்கு இது சிறிய உதவியல்ல.

இரண்டாம் கட்டம்: ஆறாம் வகுப்பு

மூன்றில் கவனமாக யோசிக்க வேண்டிய கட்டம் இதுதான். காரணம், தமிழக அரசின் பெரிய உதவிகள் பலவும் "6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில்" என்ற ஒரே நிபந்தனையில் நிற்கின்றன. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளியாகவே கணக்கிடப்படும்.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் இதில் தங்களுக்குள் மட்டும் போட்டியிடுகிறார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், கல்லூரியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காகத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது.

அரசு உதவிபெறும் பள்ளிகளின் நிலை வேறு. மாதம் 1,000 ரூபாய் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களுக்கு மட்டும் இடம் உண்டு. மாணவிகளுக்கு அதுவும் 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உதவிபெறும் பள்ளிகள் இல்லை. நம் சமுதாய நிர்வாகத்தில் நல்ல பெயருடன் நடக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் இதே விதிதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்த பிள்ளை, ஆறில் அரசுப் பள்ளிக்கு மாறினால் மேற்சொன்ன எதையும் இழப்பதில்லை. எட்டு வரை கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, கட்ட முடியாமல் ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளை அனைத்தையும் இழக்கிறது. மூன்று ஆண்டுகள் கடன் வாங்கிக் கட்டிய கட்டணமே அந்தப் பிள்ளையின் மருத்துவ இடத்துக்குத் தடையாகிவிடுகிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தகுதியுடையவர்கள்.

இதனால் எல்லோரும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பன்னிரண்டு வரை கட்டணம் கட்டும் வசதி உறுதியாக இருப்பவர் தமக்குப் பிடித்த பள்ளியைத் தேர்ந்தெடுக்கட்டும். வசதி உறுதியில்லாதவர் மாற வேண்டியிருந்தால் ஆறிலேயே மாறட்டும்.

மொழியும் இதில் சேர்ந்ததே. வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் இங்கு ஏராளம். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் உள்ளன. அதே நேரத்தில், தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் சட்டமாக உள்ளது. 2020இல் வந்த திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் விளைவை அறிந்து தேர்வது நல்லது.

மூன்றாம் கட்டம்: ஒன்பதாம் வகுப்பு

கட்டண பாக்கியால் டி.சி. தராமல் நிறுத்திவைப்பதும், பிள்ளை வீட்டில் உட்கார்வதும், "சும்மா இருக்கானே" என்று கடைக்கோ பட்டறைக்கோ அனுப்பப்படுவதும் நம் பகுதியில் புதிதல்ல. ஆண் பிள்ளைகள் படிப்பை விடுவது பலமுறை இப்படித்தான் தொடங்குகிறது. டி.சி.யில் கட்டண பாக்கியைக் குறிப்பிடக் கூடாது, சேர்க்கைக்கு டி.சி.யைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே பாக்கி இருக்கிறது என்று வெட்கப்பட்டுப் பிள்ளையை ஒரு மாதம்கூட வீட்டில் வைக்காதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

மார்க்கக் கல்வி என்ன ஆகும்?

"மற்றவர்கள் நடத்தும் பள்ளியில் சேர்த்தால் தீன் போய்விடுமோ" என்ற அச்சம் பல தாய்மாரிடம் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையைப் பாருங்கள்: பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் முழுநேரம் படிப்போர் ஏறத்தாழ 3 சதவீதமே. அதே அறிக்கை, 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்றது. நம் சமுதாயத்தின் கல்வி நிலை சாதாரணப் பள்ளிகளில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

பத்ரில் பிடிபட்ட மக்காவாசிகளில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தால் அதையே மீட்புத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என்பது வரலாறு. எதிர் அணியில் நின்றவரிடமும் எழுத்தைக் கற்கலாம் என்றால், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியரிடம் கணக்குக் கற்பதில் என்ன தயக்கம்? தீனைக் கற்பிக்கும் பொறுப்பு பெற்றோரிடமும் மஹல்லாவின் மக்தப் மதரஸாவிடமும் இருக்கிறது. ஃபஜ்ருக்குப் பின்னோ மஃரிபுக்குப் பின்னோ ஒரு மணி நேரம் ஒழுங்காக நடந்தால் அது நிறைவேறும். பொதுத்தேர்வு ஆண்டில் மக்தப் நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு ஏற்ப மாற்றித் தருவது ஜமாஅத்தின் கடமை.

சேர்த்த பிறகு பெற்றோரின் இடம்

அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கவனிப்பதும், மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் வேலை. தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரா, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உண்டா என்று கேட்க உங்களுக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது. பள்ளி சரியில்லை என்று தெருவில் பேசுகிறோம். குழுக் கூட்டத்தில் நம் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பெண்களுக்குப் பாதி இடம் இருப்பதால், நம் தாய்மார்கள் இதில் சேர ஜமாஅத்துகள் ஊக்கம் தர வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

சாதிச் சான்றிதழைச் சரிபாருங்கள். 2007 முதல் உள்ள 3.5 சதவீத முஸ்லிம் இடஒதுக்கீடு, பட்டியலில் உள்ள பிரிவுகளுக்கே: லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளா. பள்ளிப் பதிவில் "முஸ்லிம்" என்று மட்டும் எழுதியிருந்தால், கல்லூரி வாசலில் அலைய நேரும்.

பிள்ளையின் எமிஸ் எண்ணைக் குறித்து வையுங்கள். எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தார் என்ற பதிவு அதில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை டிஜிலாக்கரிலோ உறவினர் வீட்டிலோ ஒரு நகல் வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகும் பகுதி நம்முடையது.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோர் இந்த ஆண்டே உட்கார்ந்து பேசுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டுகளின் கட்டணத்தைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். முடியும் என்றால் பிஸ்மில்லாஹ். முடியாது என்றால் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைச் சந்தித்து வாருங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக!