விரிதாள் மேக்ரோ

விரிதாள் மேக்ரோ என்பது எக்செல், லிப்ரே ஆஃபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் போன்ற மென்பொருள்களில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதிவைத்து, ஒரே கட்டளையில் நடத்திக்கொள்ள உதவும் சிறு நிரல். ஒரு தாளில் உள்ள எண்களை எடுத்து, இன்னொரு தாளில் உள்ள விகிதப்படி கணக்கிட்டு, மூன்றாவது தாளில் பதிய வேண்டிய இடங்களில் இது அதிகம் பயன்படுகிறது. சம்பளப் பட்டியல், ஜிஎஸ்டி ஒப்பீடு, சுங்கத் தீர்வை, சரக்கு இருப்பு ஆகியவை அத்தகைய வேலைகள். வியாசர்பாடித் தொழிற்பேட்டையில் தொடங்கி மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் தொழிற்பட்டையின் சிறு பட்டறைகளுக்கும் துறைமுகம் சார்ந்த அலுவலகங்களுக்கும் இவை மாதந்தோறும் வரும் வேலைகள்.

வரலாறு

1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்ட விசிகால்க்தான் தனிக்கணினிக்கு வந்த முதல் விரிதாள். 1983 ஜனவரியில் வெளியான லோட்டஸ் 1-2-3 மேக்ரோவைப் பரவலாக்கியது. எந்த விசைக்குப்பின் எந்த விசை என்பதைத் தாளின் கட்டங்களிலேயே எழுதிவைத்து, ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தினால் அத்தனையும் தானாக நடக்கும். 1985இல் மக்கின்டோஷ் கணினியில் அறிமுகமான எக்செல், 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ் என்ற நிரல்மொழியைச் சேர்த்துக்கொண்டது. சுருக்கமாக விபிஏ எனப்படும் இம்மொழியே இன்றளவும் எக்செல் மேக்ரோக்களின் அடிப்படை.

செயல்படும் விதம்

மேக்ரோவை இரண்டு வழிகளில் உருவாக்கலாம். பதிவுக் கருவியை இயக்கிவிட்டு வேலையை ஒருமுறை கையால் செய்தால், அது நிரலாகப் பதிவாகும். அல்லது நிரலை நேரடியாக எழுதலாம். பதிவுசெய்த மேக்ரோ கட்டங்களின் முகவரியை அப்படியே பிடித்துக்கொள்வதால், 40 பேருக்குப் பதிவான கணக்கு 43 பேர் ஆனதும் கடைசி மூவரைத் தொடாமலே முடிந்துவிடும். எழுதப்படும் நிரல் முதலில் கடைசி வரிசை எதுவெனக் கண்டறிந்து, அதுவரை ஒவ்வொரு வரிசையாகக் கணக்கிடும்.

தாள்களுக்கிடையே தரவைப் பொருத்தும்போது வரிசை எண்ணையோ பெயரையோ நம்பக் கூடாது. தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். எனவே தொழிலாளர் எண், வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன், 15 இலக்க ஜிஎஸ்டி எண் போன்ற தனி அடையாளங்களே பொருத்தத்துக்கு ஏற்றவை.

சம்பளக் கணக்கு

சிறு தொழிற்கூடங்களில் மேக்ரோவின் பயனும் ஆபத்தும் ஒருசேரத் தெரியும் இடம் சம்பளக் கணக்கு. வருகைப் பதிவேடு (மஸ்டர்), மிகைநேர வேலைக்கான ஓ.டி. கணக்கு, அட்வான்ஸ் பட்டியல் ஆகியவை தனித்தனித் தாள்களில் இருக்கும். அவற்றிலிருந்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இரண்டையும் கணக்கிட்டு, மறுமாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்.

பி.எஃப்.பில் தொழிலாளியின் பங்கு 12 சதவீதம். 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி அது 1,800 ரூபாய். முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 550 ரூபாய் பி.எஃப். கணக்குக்கும் போகும். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்துகின்றனர். ஓ.டி. தொகை இ.எஸ்.ஐ. சந்தாவுக்குச் சேரும், பி.எஃப்.புக்குச் சேராது. ஆகவே ஒரே தொழிலாளிக்கு இரண்டு அடிப்படைத் தொகைகள் தேவை.

முழு ரூபாயாக்கும் முறையும் வேறுபடும். 18,430 ரூபாய் ஊதியத்துக்குத் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. பங்கு 138.23 ரூபாய் வருகிறது. சந்தாவை அடுத்த ரூபாய்க்கு உயர்த்த வேண்டும் என்பது விதி. எனவே பிடிக்க வேண்டியது 139 ரூபாய். வழக்கமான முழுமையாக்கலைப் பயன்படுத்தினால் 138 எனத் தவறாக விழும். விபிஏயின் முழுமையாக்கல் கட்டளை சரிபாதி எண்களை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். தாளிலுள்ள சூத்திரமோ மேல்நோக்கி உயர்த்தும். 416.50 என்பது நிரலில் 416 ஆகவும் தாளில் 417 ஆகவும் வருவது இதனால்தான்.

உச்சவரம்பைக் கடப்பதிலும் நுணுக்கம் உண்டு. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 ரூபாய் என்றாலும், ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற சந்தா காலங்களின் நடுவில் சம்பளம் கூடி வரம்பைத் தாண்டிய தொழிலாளிக்கு அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். ‘21,000க்கு மேல் போனால் சுழியம்’ என்று ஒரே வரியில் எழுதிய மேக்ரோ, மாதத்தைப் பாராமல் அவரை விட்டுவிடும்.

2019 ஜூலை 1 அன்று இ.எஸ்.ஐ. விகிதம் 1.75, 4.75 சதவீதங்களிலிருந்து 0.75, 3.25 சதவீதங்களாகக் குறைந்தது. விகிதத்தை நிரலுக்குள் எண்ணாகவே பதித்திருந்தால், அத்தகைய மாற்றத்தின்போது நிரலைத் திறந்து திருத்தியாக வேண்டும். நடைமுறைக்கு வந்த தேதியோடு விகிதங்களைத் தனித் தாளில் வைத்தால் நிரலைத் தொடத் தேவையில்லை. பழைய மாதத்தின் நிலுவைக்குப் பழைய விகிதமும் கிடைக்கும்.

சுங்கமும் ஜிஎஸ்டியும்

இறக்குமதித் தீர்வை அடுக்கடுக்காக ஏறும் கணக்கு. மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம் என்றால் தீர்வை 10,000. அதன்மேல் சமூகநல மிகைவரி 10 சதவீதம், 1,000. இவையெல்லாம் சேர்ந்த 1,11,000 மீது 18 சதவீத ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) 19,980. ஒரு சரக்குப் பட்டியலில் நூறு பொருள் இருந்தால் நூறு முறை இதே கணக்குத்தான். அந்நியச் செலாவணி மாற்று மதிப்பு புதிதாக அறிவிக்கப்படும்போது ஒரே கட்டத்தை மாற்றி முழுவதையும் மறுகணக்கிட மேக்ரோ உதவும்.

ஜிஎஸ்டியில் கொள்முதல் பதிவேட்டையும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையையும் பொருத்திப் பார்க்க இது பயன்படுகிறது. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தாக்கல் செய்து அந்த அறிக்கையில் வந்த பில்லுக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். ஒரே பில் எண் ஒரு பக்கம் 0123 என்றும் மறுபக்கம் 123 என்றும் இருக்கலாம் என்பதால், முன்சுழியம், இடைவெளி, சாய்கோடு ஆகியவற்றை நீக்கிவிட்டே மேக்ரோ ஒப்பிட வேண்டும்.

பிழைகள்

கையால் நகலெடுத்து ஒட்டுவதன் அபாயத்துக்குப் பெரிய சான்று ஜேபி மார்கன் வங்கி. 2012இல் அதன் லண்டன் பிரிவுக்கு ஏற்பட்ட சுமார் 600 கோடி டாலர் இழப்பை ஆராய்ந்த உள் அறிக்கை, இடர் அளவீடு பல எக்செல் தாள்களில் நடந்ததையும் தரவு கையால் ஒட்டப்பட்டதையும் குறிப்பிட்டது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்த சூத்திரப் பிழையும் அதில் இருந்தது. தானியக்கமும் தவறாதது அல்ல. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 65,536 வரிசைகளே கொள்ளும் பழைய எக்செல் வடிவில் தரவைத் தானாகச் சேர்த்தபோது 15,841 கொரோனா தொற்றுகள் அறிக்கையிலிருந்து விடுபட்டன. 2007இல் வந்த புதிய வடிவம் 10,48,576 வரிசைகளைக் கொள்ளும்.

எக்செல்லில் மேக்ரோ ஓடியபின், செய்ததைத் திரும்பப்பெறும் வசதி பொதுவாக வேலை செய்யாது. அதனால் மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் இயக்குவது, தொடக்கத்திலும் முடிவிலும் ஆள் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ஒப்பிடுவது, முதல் மாதம் கைக்கணக்கோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது ஆகியவை நல்ல நடைமுறைகள்.

பாதுகாப்பு

மேக்ரோ முழு நிரல் என்பதால் தீங்கும் செய்யும். 1996இல் பரவிய லாரூ எக்செல்லைத் தாக்கிய தொடக்ககால மேக்ரோ வைரஸ். எக்செல் 2007 மேக்ரோ உள்ள கோப்புகளுக்குத் தனிப் பின்னொட்டு தந்தது. 2022 முதல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது.

மாற்றுகள்

தாள்களைச் சேர்ப்பதும் சுத்தம் செய்வதும் மட்டும் தேவையென்றால், எக்செல் 2016 முதல் உள்ளமைந்த பவர் குவெரியே போதும். கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டும், 2018இல் சேர்ந்த மேக்ரோ பதிவுக் கருவியும் உள்ளன. கட்டணமில்லாத லிப்ரே ஆஃபிஸ் கால்க் பேசிக், பைத்தான் ஆகிய மொழிகளை ஏற்கும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் கால்க் பாடங்களைத் தமிழிலும் வழங்குகிறது. எந்தக் கருவியானாலும், நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் அடுத்தவர் படித்துத் திருத்தக்கூடியதாக அது இருந்தால்தான் பட்டறைக்கு நெடுநாள் உதவும்.