மூன்று முறை கடல் கடந்த கமோடோர்

நாலு பேர் கால் நீட்டி உட்காரலாம். டிக்கியில் குடும்பத்தின் மூட்டை முடிச்சு எல்லாம் கொள்ளும். வளைவில் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி திரும்பும், நேர் ரோட்டில் 5 விநாடி சுமாருக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். விலையோ இதே வேகமுள்ள ஜெர்மன் கார்களைவிட நன்றாகவே குறைவு. இப்படி ஒரு கார் வந்தால் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும் இல்லையா?

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதை மூன்று தடவை முயன்று பார்த்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஷோரூமில் கார் அப்படியே நின்றது. ஏன் என்று தேடிப் போனால் கதை ஆஸ்திரேலியாவில் ஆரம்பிக்கிறது.

ஊருக்கேற்ற கார்

ஹோல்டன் என்பது 1856இல் அடிலெய்டில் குதிரைச் சேணம் செய்கிற கடையாகத் தொடங்கிய நிறுவனம். 1931இல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. 1948 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்கென்றே தயாரித்த தன் முதல் காரை வெளியிட்டது. 1978இல் வந்ததுதான் கமோடோர்.

அந்த நாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், பல இடங்களில் மோசமான ரோடு. ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரே கார். அதுவே வேலைக்கும் போகணும், விடுமுறைக்கும் போகணும். வருஷா வருஷம் பாதர்ஸ்ட் பந்தயத்தில் ஹோல்டனும் ஃபோர்டும் மோதும். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். அந்தப் பந்தயத்தில் ஓடிய காரின் வீட்டு வடிவம்தான் வாசலில் நிற்கும் கார். பெரிய செடான், பின்சக்கரத்துக்கு விசை, வேண்டுமானால் வி8 எஞ்சின். எல்லா வேலையும் தெரிந்த ஒரே கார் என்பது அங்கே ஆடம்பரம் கிடையாது, தேவை. 1996 முதல் 2010 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற கார் கமோடோர்தான்.

ஆக, இந்த மாதிரிக் காரை யாருமே வாங்க மாட்டார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வாங்கினார்கள், அந்த ஊரில்.

முதல் பயணம்: ஜிடிஓ

2001இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த பாப் லட்ஸ் ஓட்டுவதில் ருசி கண்ட மனிதர். கமோடோரிலிருந்து பிறந்த இரண்டு கதவு மொனாரோவை அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடிவு செய்தார். 2004இல் அது பொன்டியாக் ஜிடிஓ என்ற பெயரில் வந்தது.

பிரச்சினை பெயரிலேயே இருந்தது. 1964இல் வந்த பழைய ஜிடிஓதான் அமெரிக்க 'மஸில் கார்' வம்சத்தின் மூத்த பிள்ளை என்று பலர் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டு வந்தவர்கள் முரட்டு முகத்தை எதிர்பார்த்தார்கள். எதிரே நின்றதோ அடக்கமான, மழமழவென்ற ஒரு கார். உள்ளே இருந்த 350 ஹார்ஸ்பவர் வெளியே தெரியவில்லை. அடுத்த ஆண்டே பானெட்டில் காற்றுத் துளைகள் வைத்து, எஞ்சினையும் 400 ஹார்ஸ்பவர் ஆக்கினார்கள். ஆண்டுக்கு 18,000 விற்கும் என்று போட்ட கணக்கு, மூன்று ஆண்டும் சேர்த்து 40,000 சொச்சத்தில் நின்றது. 2006இல் கடை கட்டியாயிற்று.

இரண்டாம் பயணம்: ஜி8

2006இல் ஹோல்டன் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்துப் புதிய கமோடோரை உருவாக்கியது. முன்சக்கரங்களை முன்னால் தள்ளி, பேட்டரியை டிக்கிக்கு மாற்றி, முன்பக்க எடையும் பின்பக்க எடையும் ஏறக்குறைய சரிபாதியாக வரும்படி செய்தார்கள். 2008இல் அது பொன்டியாக் ஜி8 ஆக அமெரிக்காவில் இறங்கியது. 361 ஹார்ஸ்பவர் வி8 மாடலின் விலை 30,000 டாலர் சுமார்.

வந்த நேரம் சரியில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. 2009 ஏப்ரலில் பொன்டியாக் என்ற பெயரையே மூடப்போவதாக அறிவித்தார்கள், ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு போட்டது. ஜி8 கதை அத்தோடு சரி.

இன்னொரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. 2001இல் ஓர் ஆஸ்திரேலிய டாலர் சுமார் 50 அமெரிக்க சென்ட். 2011இல் அது ஒரு அமெரிக்க டாலரையே தாண்டிவிட்டது. அதே தொழிலாளி, அதே சம்பளம். ஆனால் அமெரிக்க டாலரில் கணக்குப் போட்டால் செலவு இரண்டு மடங்கு.

மூன்றாம் பயணம்: எஸ்எஸ்

2013 கடைசியில் அதே குடும்பத்துக் கார் செவ்ரோலே எஸ்எஸ் என்ற பெயரில் வந்தது. 6.2 லிட்டர் வி8, 415 ஹார்ஸ்பவர். 2015 மாடலில் மேனுவல் கியரும் ரோட்டுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் காந்த சஸ்பென்ஷனும் சேர்ந்தன. ரசிகர்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. விளம்பரம் மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சாதாரண மாலிபு எது, 45,000 டாலர் எஸ்எஸ் எது என்று பார்த்தவுடன் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நாலு மாடல் ஆண்டுகளில் ஏறத்தாழ 13,000 கார்கள் போயின. அதே செவ்ரோலேயின் சில்வராடோ பிக்கப் 2014 ஒரே வருஷத்தில் 5 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஒரே வயிற்றுப் பிள்ளை

நேரம் சரியில்லை, டாலர் சரியில்லை, விளம்பரம் இல்லை என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாம் உண்மை. ஆனால் அத்தனையும் போதாது என்று காட்ட ஒரு சாட்சி இருக்கிறது.

2010 மாடலாக வந்த செவ்ரோலே கமாரோவும் ஜி8-ம் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. அந்தக் கமாரோவின் பொறியியல் வேலை பெரும்பாலும் ஹோல்டனில்தான் நடந்தது. கார் கட்டப்பட்டது கனடாவில். குடும்பக் காராகப் பார்த்தால் கமாரோ எல்லாவிதத்திலும் தாழ்த்தி. பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது. ஜன்னல் கோட்டைச் சுவர் துவாரம் மாதிரி, வெளியே சரியாகத் தெரியாது. டிக்கி வாய் சிறிசு. ஆனால் 2010இல் மட்டும் 80,000-க்கு மேல் விற்று மஸ்டாங்கையே முந்தியது. வருவதற்கு முன்பே, 2007இல், 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில் அதன் முகம் உலகம் பூராவும் பதிந்துவிட்டது.

மந்தம் எல்லோருக்கும் மந்தம்தான். ஒரே பொறியியல், ஒரே காலம். விற்றது சமநிலை இல்லாத பிள்ளை!

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். கடையில் கார் வாங்குகிறவர் ஒரு கேள்வியோடு வருகிறார். வேகம் வேணும்னா கமாரோ. இடம் வேணும்னா எஸ்யூவி. கௌரவம் வேணும்னா பிஎம்டபிள்யூ. ஒவ்வொரு கேள்விக்கும் ஜி8 நல்ல இரண்டாவது பதில். எல்லாப் பாடத்திலும் 85 வாங்கும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திலும் மெடல் கிடைக்காத மாதிரி. சமநிலை என்பது ஓட்டித்தான் தெரியும், அதுவும் வளைவுகள் உள்ள ரோட்டில் ஓட்டினால். டெஸ்ட் டிரைவ் என்பதோ பெரும்பாலும் பத்து நிமிஷம், நாலு சிக்னல்.

சட்டமும் பாரபட்சம் பார்த்தது. அமெரிக்காவில் 1978இல் கொண்டுவந்த எரிபொருள் விழுங்கி வரி கார்களுக்கு மட்டும்தான். பிக்கப், வேன் வகைகளை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவை பெரும்பாலும் வேலை வண்டிகள். பின்னால் எஸ்யூவி குடும்ப வண்டியானபோதும் சட்டம் மாறவில்லை. விளைவு, எஸ்எஸ் வாங்கியவர் 1,300 டாலர் கூடுதல் வரி கட்டினார். அதைவிட அதிகம் பெட்ரோல் குடிக்கும் பெரிய எஸ்யூவி வாங்கியவர் ஒரு சென்ட்கூடக் கட்டவில்லை.

எலிசபெத்

இந்தக் கார்களெல்லாம் கட்டப்பட்ட இடம் அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத். ஏற்றுமதி என்பது ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு சோதனை. எலிசபெத்துக்கு அது மூச்சு. ஏனென்றால் சொந்த ஊரிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1980களில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த இறக்குமதி வரி 2010இல் 5 சதவீதம். 2011இல் கமோடோரின் முதலிடத்தை மாஸ்டா3 பிடித்துக்கொண்டது. ஒரே காரில் எல்லாம் வேண்டும் என்றிருந்த குடும்பம், சின்னக் கார் ஒன்று, எஸ்யூவி ஒன்று என்று பிரித்துக்கொண்டது. உள்ளூரில் குறைந்ததை அமெரிக்கா ஈடுகட்டியிருந்தால் ஆலைக்கு இன்னும் சில வருஷம் கிடைத்திருக்கலாம். எஸ்எஸ் அமெரிக்க ஷோரூமுக்கு வந்த அதே 2013 இறுதியில், டிசம்பரில், ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது.

2017 அக்டோபர் 20 அன்று எலிசபெத் மூடியது. அன்று வேலையில் இருந்தவர்கள் 950 பேர் சுமார். 2020இல் ஹோல்டன் என்ற பெயரையும் எடுத்துவிட்டார்கள். மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போயின: 2018இல் ஃபோர்டு வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாகச் சொன்னது, 2017இல் வந்த கியா ஸ்டிங்கர் 2023இல் நின்றது.

எலிசபெத் வரிசையிலிருந்து கடைசியாக இறங்கியது ஒரு சிவப்புக் கமோடோர். வி8 எஞ்சின், நாலு கதவு, நல்ல டிக்கி. அமெரிக்கா மூன்று முறை மெச்சிவிட்டு வாங்காமல் போன அதே வகைக் கார்.