குருதியும் கொழுந்தும்

கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கூடவே ‘சோம்பேறி’ என்ற வசை. மலையகத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாகச் சுமந்த பழி இது. அதனைப் பொய்யாக்கியது மருத்துவ ஆராய்ச்சி.

குடலைக் கவ்விக் குருதி உறிஞ்சும் கொக்கிப்புழு, மண்ணிலிருந்து தோலைத் துளைத்தே உடலுள் நுழைகிறது என்பதை 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் அறிவித்தார். வெறுங்காலே அதன் வாயில். 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் சிகிச்சையைத் தொடங்கினர். மருந்தினால் புழு வெளியேறியது. மலசலகூடமற்ற லயங்களின் மண்ணிலிருந்து மீண்டும் காலேறியது. மருந்து கொடுப்பது எளிது. மலசலகூடமோ இலாபத்தைக் கடிக்கும் செலவு.

1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்ந்தது. ஒரு மாத காலம் இரும்புச்சத்துப் பெற்று ஈமோகுளோபின் உயர்ந்தோர், அவ்வாறு உயராதோரினும் மிகுதியாகக் கொழுந்து பறித்தனர். குருதி மிகக் குன்றியிருந்தோரிடமே முன்னேற்றம் அதிகம். அவர்களது அன்றாட நடமாட்டமும் பெருகிற்று.

ஆகவே, சோம்பியது கையன்று, வற்றியது குருதி. நிறை கூடிய கொழுந்தைத் தோட்டக் கணக்கு வரவு வைக்கும். நாம் போற்ற வேண்டியது அந்த நடமாட்டத்தை. தராசுக்கு அப்பாலும் அவர்களுக்கு வாழ்வு உண்டு. அதற்குக் குளிசை மட்டும் போதாது. நல்லுணவும் நல்ல குடியிருப்பும் நியாயமான கூலியும் வேண்டும்.