இருபத்தொரு மைல் கடல்

லண்டனில் மேல்படிப்புப் படிக்கும் என் நண்பருடைய மகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு யோசனை கேட்டான். விடுமுறையில் பாரிஸுக்குப் போக வேண்டுமாம். "மாமா! ஆகாய விமானம் பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் நிலையத்துக்குப் போவதும், அங்கே காத்திருப்பதும், இறங்கி ஊருக்குள் போவதும் சேர்ந்தால் அரை நாள் ஆகிவிடுகிறது. ரயிலில் இரண்டேகால் மணிக்குச் சற்று அதிகம். ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்கலாம். பஸ்ஸில் எட்டொன்பது மணி, காசு குறைவு. எதில் போகட்டும்?" என்றான்.

லண்டனைக் கண்ணால் பார்த்திராத என்னிடம் இந்தக் கேள்வி! ஆயினும் பதில் சொல்லுவதற்காகச் சில புத்தகங்களைப் புரட்டினேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்குள்ளே ஒரு பெரிய சரித்திரமே அடங்கியிருப்பதை அப்போதுதான் கண்டேன்.

இரு நகரங்களுக்கும் இடையில் சாலை வழியே ஏறக்குறைய 280 மைல். நிலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. டோவருக்கும் கலே துறைமுகத்துக்கும் நடுவே கிடக்கிறதே, 21 மைல் கடல், அதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். பாய்மரக் கப்பல் காலத்தில் காற்று சாதகமாக இருந்தால் சில மணி நேரத்தில் அக்கரை சேரலாம். காற்று எதிர்த்துவிட்டாலோ, கையிலுள்ள காசு கரையும்வரை துறைமுகத்துச் சத்திரத்தில் உட்கார்ந்து அலையை எண்ண வேண்டியதுதான்.

இந்தக் கடலை ஏமாற்ற மனிதன் செய்த முயற்சிகள் கொஞ்சமல்ல. 1785 ஜனவரி 7-ந் தேதி பிளான்ஷார் என்ற பிரெஞ்சுக்காரரும் ஜெஃப்ரீஸ் என்ற அமெரிக்க வைத்தியரும் டோவரிலிருந்து பலூனில் புறப்பட்டார்கள். நடுக்கடலில் பலூன் இறங்கத் தொடங்கிற்று. மூட்டை முடிச்சுகளை எறிந்தார்கள். அலங்காரச் சாமான்களை எறிந்தார்கள். கடைசியில் உடுத்தியிருந்த உடைகளையும் கழற்றி எறிந்தார்கள். கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டு பிரெஞ்சுக் காட்டில் போய் இறங்கினார்கள். அவர்கள் பாக்கியசாலிகள். அதே வருஷம் ஜூன் மாதம் எதிர்க்கரையிலிருந்து கிளம்பிய பிலாத்ர் தெ ரோசியே, பலூன் விழுந்து தம் தோழருடன் மாண்டார். பூமியை விட்டு முதன்முதலில் வானில் மிதந்து சென்ற இருவரில் அவர் ஒருவர்.

மேலே போக முடியாவிட்டால் கீழே போகலாமே என்று 1802-ல் மத்தியூ என்ற பிரெஞ்சுப் பொறியியலார் யோசித்தார். கடலுக்கடியில் சுரங்கம், அதில் எண்ணெய் விளக்குகள், குதிரை வண்டிகள், களைத்த குதிரைகளை மாற்ற நடுக்கடலில் ஒரு செயற்கைத் தீவு! மறு வருஷமே இரு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது. சுரங்கம் காகிதத்தோடு நின்றது.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1844-ல் ரயில் டோவரை எட்டியது. காற்றின் தயவு தேவையில்லை என்றாயிற்று. ஆனால் குமட்டல் போகவில்லை. எஃகு உற்பத்தியில் புகழ்பெற்ற பெஸ்ஸமர் கடல் மயக்கத்தால் மிகவும் அவதிப்பட்டவர். கப்பல் ஆடினாலும் உள்ளேயிருக்கும் கூடம் ஆடாதபடி ஒரு கப்பலைத் தம் பணத்தையும் போட்டுக் கட்டுவித்தார். 1875-ல் அது கலே துறைமுகத்துக்குள் நுழைகையில் சுக்கானுக்குக் கட்டுப்படாமல் கரைப் பாலத்தில் போய் மோதியது. அத்துடன் அந்தக் கனவும் முடிந்தது.

இந்தியாவிலிருந்து சீமைக்குப் போனவர்களுக்கும் இந்தக் கடல் பழக்கமானதே. அவசரமுள்ளவர்கள் மார்சேல் துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கி, பிரான்ஸ் தேசத்தை ரயிலில் கடந்து கலேயில் மறுபடியும் கப்பல் ஏறுவார்கள். பல நாள் மிச்சம். ஆனாலும் கடைசி இருபத்தொரு மைலுக்குத் தப்ப முடியாது.

1880-க்குப் பின் நிஜமாகவே சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். இரு கரையிலும் ஒவ்வொரு மைலுக்கு மேல் தோண்டியாயிற்று. அப்போது பிரிட்டிஷ் சேனைத் தலைவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. 'சுரங்கம் வழியே பிரெஞ்சுப் படை வந்துவிட்டால்?' 1882-ல் வேலை நின்றது. பொறியியலால் முடியாமல் நிற்கவில்லை, பயத்தினால் நின்றது. கடல் தொல்லையாகவும் இருந்தது, அகழியாகவும் இருந்தது. அகழியை யார் தூர்ப்பார்கள்?

1919 ஆகஸ்டு 25-ந் தேதி லண்டன்-பாரிஸ் தினசரி விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. இரண்டரை மணிப் பயணம். கட்டணம் 21 பவுன்; ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி! அதற்குப் பின்னும் பெரும்பாலோர் ரயிலையும் கப்பலையுமே நம்பினார்கள். 1936-ல் ஒரு விசித்திர ரயில் வந்தது. லண்டனில் படுக்கைப் பெட்டியில் ஏறிப் படுத்தால், பெட்டியையே கப்பலில் ஏற்றிச் சங்கிலியால் பிணைத்து அக்கரையில் இறக்குவார்கள். கண் விழித்தால் பாரிஸ். சங்கிலிச் சத்தத்தில் தூங்க முடிந்தவர்களுக்கு அது சுகமான ஏற்பாடுதான்! 1980-ல் அதுவும் நின்றுவிட்டது.

சுரங்கம் மறுபடி தொடங்கி, 1975-ல் பணமுடையால் மறுபடி கைவிடப்பட்டது. இறுதியில் 1994 மே 6-ந் தேதி எலிசபெத் ராணியும் மித்தரானும் அதைத் திறந்துவைத்தார்கள். நீளம் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கடியில். தோண்டும்போது பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ரயிலில் கடலடியைக் கடக்க இருபது நிமிஷம் போதும்.

கதை இங்கே முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! 2021 நவம்பர் 24-ந் தேதி அதே கடலில் ஒரு ரப்பர் படகு மூழ்கியது. 27 பேரின் உடல்களை மீட்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. பிறந்த நாட்டில் வாழ வழியற்று, புகல் தேடிப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு மேலே விமானம் பறந்தது; கீழே ரயில் ஓடியது. இரண்டிலும் ஏற அவர்களிடம் உரிய காகிதம் இல்லை. படகுக்காரனுக்கு அவர்கள் கொடுத்த பணமோ ரயில் கட்டணத்தைப்போல் பல மடங்கு.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது: ரயிலிலேயே போ. சௌகரியமானது. வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜன்னலில் இருள் வரும். அந்த இருபது நிமிஷமும் கைக்கருவியைப் பார்த்துக் கழித்துவிடாதே. உன் தலைக்கு மேலே கடல் இருக்கிறது. எதில் போகலாம் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க முடிகிறதே, அதுவே எவ்வளவு பெரிய பாக்கியம் என்று சற்று நினைத்துப் பார்.