தேக்கு நாற்காலியும் சில தேதிகளும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் மிச்சங்கள் கிடக்கின்றன: தூண், நிலைக்கதவு, பெட்டகம், கை நீண்ட சாய்வு நாற்காலி. "அசல் பர்மாத் தேக்கு சார். இதுக்கெல்லாம் காலமே கிடையாது" என்கிறார் கடைக்காரர். நகரத்து விளம்பரங்களும் இதையேதான் வேறு பாஷையில் சொல்கின்றன: இயற்கைப் பொருள், மரபுக் கைவினை, காலமற்ற அழகு. இந்தச் சொல்லாடல் எதைச் சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லவிடாமல் செய்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் 'இயற்கை'. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காடுகளில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி விட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, சுமார் மூன்று வருஷம் காயும். பிறகு யானை இழுக்கும், மழை வெள்ளம் ரங்கூனுக்குக் கொண்டுபோகும். 1852 போரில் கீழ் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயர், 1856இல் பெகு காடுகளை டீட்ரிச் பிராண்டிஸிடம் ஒப்படைத்தனர். காடழித்து நெல் விதைத்துவந்த கரேன் மக்களைக் கொண்டே, நெல்லுக்கு ஊடே தேக்கு நடவைக்கும் 'தௌங்யா' முறை அவர் காலத்தில் உருவானது. அறுப்பு முடிந்தால் அவர்கள் நகர்ந்துவிட வேண்டும், மரம் சர்க்காருக்கு.

1885இல் மேல் பர்மாவின் மன்னர் திபாவின் அரசவை, தேக்குக்குரிய பணத்தைச் சரியாகக் கட்டவில்லை என்று பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு அபராதம் விதித்தது. அந்த நவம்பரில் படை கிளம்பியது. 1886 ஜனவரி 1 முதல் அந்த ராஜ்யம் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் பற்றிய பயம் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கிடைத்த சாக்கு தேக்குதான்.

அடுத்து 'மரபு'. உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் ஆசாரியுடையவை. மரத்தோடு மரம் கவ்வும் பொருத்தும், காற்றுப் புக இடம்விட்டுப் பின்னிய பிரம்பும் கைத்திறனின் மரபுதான். ஆனால் கால்களைத் தூக்கிப்போட நீண்ட கை வைத்த அந்த வடிவம், தோட்டத் துரையின் உடம்புக்காக வந்தது. நம் வீடுகளில் பாய், மணை, திண்ணை. நாற்காலி வந்தபோது உட்காருகிறவர், நிற்கிறவர் என்ற பழைய ஏற்பாட்டுக்கு இன்னொரு கருவி கிடைத்தது. அதைச் செய்தவர் முதலாளி முன்னால் அதில் உட்கார்ந்திருப்பாரா? இது பழங்கதை அல்ல. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது.

கடைசியாகக் 'காலமற்றது'. செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு, பர்மாவில் வட்டிக்கு விட்ட பணத்தோடு சேர்ந்து வளர்ந்த சொத்து. கீழ் பர்மாவின் முக்கிய 13 மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நெல் நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். பெருமந்தத்தில் நெல் விலை விழ, கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கிட்டங்கிகளுக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினார்கள். கூலிகளில் ஏராளமானோர் நடந்தே வந்தார்கள், வழியிலேயே செத்தும் போனார்கள். 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் அற்று, வாரிசுகள் பெருகி, பாகம் பிரிக்க முடியாமல் இடிபட்ட வீடுகளிலிருந்து அந்த நாற்காலி தெருவுக்கு வந்தது.

மார்க்ஸ் 'மூலதன'த்தில் (1867) பண்டத்தின் மாயத்தைப் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு மர மேசையைத்தான். செய்த கைகள் மறைந்து பொருள் மட்டும் தானாகப் பேசத் தொடங்குவதே அந்த மாயம். 'காலமற்றது' என்பது அதன் இன்றைய பேச்சு.

நல்ல நாற்காலிதான், சந்தேகமில்லை. தேக்கின் எண்ணெய்ப்பசை கரையானை அண்டவிடாது; பிரம்பு தளர்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். அதை வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நீடித்து உழைப்பது வேறு, காலத்துக்கு வெளியே இருப்பது வேறு. விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தேதிகளையும் ஒட்டி வைத்தால் கடைக்காரர் என்ன சொல்வார்? "அப்புறம் யாரு சார் வாங்குவா?" என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.