தலைப்பெழுத்து இல்லாத மொழியில் சொற்சீர்மை: சென்னைக் கலைச்சொல் குழுக்கள் முதல் கட்டற்ற மென்பொருள் ஆவணங்கள் வரை

ஆய்வுச்சுருக்கம்

கட்டற்ற மென்பொருள்களின் தமிழ் இடைமுகத்திலும் உதவி ஆவணங்களிலும் ஒரே கருத்துக்குப் பல சொற்கள் வழங்குகின்றன. இதற்குச் சொற்பஞ்சமே காரணம் எனப் பலர் கருதுவர். 1916 முதல் நடைபெற்ற கலைச்சொல் முயற்சிகளோடு ஒப்பிட்டு, சொல்லைப் புழக்கத்தோடு பிணைக்கும் நடைமுறையின்மையே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல், சொற்சீர்மை, கட்டற்ற மென்பொருள், தன்மொழியாக்கம், உதவி ஆவணம்

முன்னுரை

உதவி ஆவணம் திரையைச் சுட்டிப் பேசும் எழுத்து. திரையில் 'சேமி' என்றிருக்க, ஆவணம் 'பதிவுசெய்' என்னும் பொத்தானை அழுத்தச் சொன்னால், படிப்பவர் இல்லாத பொத்தானைத் தேடுவார். செய்யுளில் சொல்வளமாகக் கொள்ளப்படுவது இங்கு இடராகிறது. தமிழை மட்டுமே அறிந்தவர் கணினியைத் தாமே கற்க முடியுமா என்னும் வினா இச்சீர்மையைச் சார்ந்துள்ளது.

குழுக்களின் காலம்

அறிவியல் சொற்களை ஒழுங்குசெய்யும் முயற்சி 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் நடத்திய கலைச்சொல் இதழோடு அமைப்பு வடிவம் பெற்றது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் சென்னையில் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. 1940இல் அரசு அமைத்த குழுவுக்கு மயிலாப்பூரில் வாழ்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைவரானார். தென்னிந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான சொற்களை வடமொழி வழியே அமைக்கும் போக்கு தமிழறிஞரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது.

இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் 'எந்தச் சொல்' என்றே வினவினர். 'ஏற்ற சொல் பாடநூலில் மாறாமல் வருவதை யார் காப்பது' என்னும் வினா பின்னுக்குப் போயிற்று. இதற்கு மாறான சான்று 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் கையாண்ட வடிவங்கள் நெடுங்காலம் பொது வழக்காகவில்லை. அரசாணையும் பாடநூல் அச்சும் இணைந்த பின்னரே அவை நிலைபெற்றன. பரிந்துரையும் புழக்கமும் ஒரே தடத்தில் செல்லும்போதுதான் சீர்மை வேரூன்றும் என்பதற்கு இது சான்றாகும்.

மென்பொருளின் வருகை

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் தரமாயின. கேடியீ (1996), க்னோம் (1997) ஆகிய திட்டங்களின் தமிழாக்கத்தைத் தமிழகம், இலங்கை, புலம்பெயர் நாடுகள் ஆகியவற்றிலிருந்து தன்னார்வலர் மேற்கொண்டனர். அவரவர் வழக்கும் அவரோடு வந்தது. தமிழகத்துக் 'கணினி'யும் ஈழத்துக் 'கணனி'யும், 'கோப்புறை'யும் 'அடைவு'ம், 'இயங்குதளம்', 'இயக்க முறைமை' ஆகியனவும் அருகருகே நின்றன.

எனினும் இக்காலத்தில் நுட்பமான தேர்வுகளும் நிகழ்ந்தன. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்பது விலையின்மை, விடுதலை என்னும் இரு பொருளையும் தரும். 'இலவசம்' என்றால் முதற்பொருள் மட்டுமே எஞ்சும். 'கட்டற்ற' என்னும் சொல் இரண்டாம் பொருளைத் தெளிவாக்குகிறது. மூலச்சொல்லினும் தமிழ்ச்சொல் தெளிவாக அமைந்த இடம் இது.

தலைப்பெழுத்தின் இடத்தில்

ஆங்கில ஆவணங்களில் தலைப்பெழுத்து பெயரைப் பொதுச்சொல்லிலிருந்து பிரிக்கிறது. க்னோமின் கோப்பு மேலாளிக்கு 'ஃபைல்ஸ்' என்றே பெயர். முதலெழுத்து பெரிதாயின் செயலி. சிறிதாயின் பொதுவான கோப்புகள். தமிழில் 'கோப்புகளைத் திற' என்னும் தொடர் இரண்டையும் குறிக்கும். எனவே செயலியின் பெயருக்கு மேற்கோள் குறியோ, தடித்த எழுத்தோ, 'என்னும் செயலி' என்னும் ஒட்டோ தேவை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை பின்பற்றாவிடின் வேறுபாடு மறைந்துவிடும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் வேறு. 'கடவுச்சொல்' என்று சேர்த்தும் 'கடவுச் சொல்' என்று பிரித்தும் எழுதினால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிடைக்காமற் போகலாம். 'சேமி', 'சேமிக்கவும்', 'சேமித்தல்' என வினைவடிவம் பட்டிக்குப் பட்டி மாறுகிறது. 'கோப்பு' இரண்டாம் வேற்றுமையில் 'கோப்பை' எனக் கிண்ணத்தின் பெயராகிறது. 'கோப்பினை' எனச் சாரியை சேர்த்தால் ஐயம் நீங்கும். நிரல் இயங்கும்போது வந்து அமரும் கோப்புப்பெயரின் ஈறு முன்கூட்டித் தெரியாது. அதனால் புணர்ச்சிக்கு இடமின்றி 'ஐ' என்னும் உருபு தனித்து நிற்க நேர்கிறது. இலக்கணமும் நிரலும் முரணும் இத்தகைய இடத்தில் ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தனித்தனித் தீர்வு காண்பது சீர்மையைக் குலைக்கும்.

நடைமுறைக் குறை

தமிழாக்கத்தில் பெரிதும் பயன்படும் குனூ கெட்டெக்ஸ்ட் கருவி, மூலத்தொடரையும் மொழிபெயர்ப்பையும் இணையாக வைத்துப் பேணுகிறது. ஆங்கிலத் தொடர் சிறிது மாறினால் பழைய தமிழாக்கம் ஐயத்துக்குரியதெனக் குறியிடப்படும். மறுபார்வை முடியும்வரை இயல்பாகத் திரைக்கு வராது. 1938ஆம் ஆண்டுத் தொகுதிக்கு இத்தகைய காவல் கிடையாது. ஆனால் கருவி மூலமொழியின் மாற்றத்தை மட்டுமே கவனிக்கிறது. தமிழ்க்குழு 'அடைவு' என்பதைக் 'கோப்புறை' என மாற்ற முடிவுசெய்தால் எந்தக் குறியும் எழாது. மேலும் இடைமுகத்தின் தொடர்களும் உதவி ஆவணத்தின் தொடர்களும் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. ஒன்றில் செய்த திருத்தம் மற்றதற்குத் தானே செல்வதில்லை. இடைமுகம் புதுச்சொல்லையும் ஆவணம் பழஞ்சொல்லையும் காட்டுவது இதனால்தான்.

வெப்லேட் போன்ற தளங்கள் சொல்தொகுதியை மொழிபெயர்ப்பாளரின் பக்கத்திலேயே காட்டுகின்றன; ஒரே மூலத்தொடருக்கு இரு தமிழாக்கங்கள் இருப்பின் எச்சரிக்கின்றன. இவ்வசதிக்கு உணவாகும் சொற்கள் சென்னையிலேயே உள்ளன. கோட்டூர்புரத்தின் தமிழ் இணையக் கல்விக்கழகமும், தேவநேயப் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககமும் பெருந்தொகுதிகளைத் திரட்டியுள்ளன. ஆயினும் தன்மொழியாக்கத்துக்கு வேண்டியது ஒரு கருத்துக்கு ஒரே பரிந்துரை, அதன் பதிப்பெண், மாற்றிய நாள், மாற்றத்தின் காரணம் ஆகியன. பல இணைச்சொற்களை வரிசைப்படுத்தும் தொகுதி ஆய்வாளருக்குப் பயன்படும். மொழிபெயர்ப்பாளரை அது மீண்டும் தேர்வின்முன் நிறுத்துகிறது.

முடிவுரை

இருபதாம் நூற்றாண்டின் குழுக்கள் சொல்லைத் தந்தன. அதன் புழக்கத்தைப் பேணும் கருவி அவற்றிடம் இல்லை. இன்றைய தன்னார்வலரிடம் கருவி உண்டு. முடிவெடுக்கும் அமைப்பு தளர்வாக உள்ளது. மேலே கண்டவற்றிலிருந்து மூன்று பரிந்துரைகளை முன்வைக்கலாம். முதலாவது, இடைமுகச் சொல்லை மாற்றுபவர் அதே நேரத்தில் உதவி ஆவணத்தையும் திருத்த வேண்டும். இரண்டாவது, தலைப்பெழுத்தின் பணியைச் செய்யும் குறி, வினைவடிவம், சொற்பிரிப்பு, சாரியை ஆகியவற்றுக்குச் சிறு நடைக்கையேடு வேண்டும். மூன்றாவது, அரசு நிறுவனங்கள் தம் சொற்களை மொழிபெயர்ப்புத் தளங்கள் நேரே ஏற்கும் வடிவிலும் கட்டற்ற உரிமத்திலும் வெளியிட வேண்டும். இவை நிறைவேறின், புதிய சொல் ஒன்றும் படைக்காமலே இன்றுள்ள குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கும்.